தலைகீழாய்ப் போன வருடங்கள்

கண்ணாடிக்கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. குனிந்து நுழையும்போது லொள்ளுவின் நெற்றி அதில் நங்கென்று இடித்தது.

"பாத்து வாடா," என்றாள் அக்கா.

"பாக்கத் தெரிஞ்சா நான் ஏன் கண்ணாடிக்கடைக்கு வர்றேன்?"

சொன்ன பிறகுதான் கடைக்காரர் உள்ளே நிற்பதைக் கண்டான். பல நாள் சவரம் காணாத முகம். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். மகளைப் பறிகொடுத்து இன்றோடு ஒன்பது நாள். லொள்ளு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அந்த நாக்கு அவனை அடிக்கடி இப்படித்தான் மாட்டிவிடும். வானொலியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தவன். ஒரு பெரிய மனிதரின் இரங்கல் செய்தியில் தன் சொந்தச் சரக்கையும் ஒரு வரி சேர்த்ததால் வேலை போயிற்று. லொள்ளு என்ற பெயர் அன்று ஒட்டியது. அதே சமயத்தில் போலீஸ் இன்ஸ்பெக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அக்கா தனியாகத் துப்பறியும் நிலையம் தொடங்கினாள். கார் ஓட்ட ஆள் வேண்டும் என்றாள். ஆறு வருடமாக ஓட்டுகிறான்.

கடைக்காரர் கவுண்டரின் மேல் ஒரு துணிப்பையை வைத்தார். வெளிர் மஞ்சள் நிறம், தோளில் மாட்டும் பட்டை, முன்புறம் இரண்டு பை.

"போலீஸ் கொடுத்த பை. அன்னிக்கு அவ கொண்டு போனது."

அவர் மகள் நிலவியல் ஆய்வாளர். முப்பத்தோரு வயது. ஊருக்கு வெளியே வேலி போட்டுப் பாதுகாக்கப்படும் ஓர் இடம் இருக்கிறது. பனியுகத்தில் அங்கே ஓர் ஏரி இருந்ததாம். அதன் அடியில் வருடாவருடம் படிந்த மண், இன்று இரண்டு ஆள் உயரச் செங்குத்துச் சுவராக நிற்கிறது. அந்தச் சுவரில்தான் அவள் நான்கு வருடமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். போன வாரம் சுவரின் ஒரு பகுதி சரிந்து அவள் மேல் விழுந்தது. முந்தைய நாள் மழை. போலீஸ் விபத்து என்று எழுதி மூடிவிட்டது. இன்று மூன்று மணிக்கு ஒரு கமிட்டி கூடுகிறது. ஆளைக் கொன்ற இடம் என்று காரணம் காட்டி அதைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்போகிறார்கள். நீக்கினால் அடுத்த வாரமே பக்கத்துக் குவாரியின் இயந்திரங்கள் உள்ளே வந்துவிடும்.

"விபத்துன்னா விபத்துன்னு ஒத்துக்கறேன்மா," என்றார் கடைக்காரர். "அவ அஜாக்கிரதையா இருந்தா, கவனம் இல்லாம வேலை செஞ்சான்னு எழுதியிருக்காங்க. அதுக்கு ஆதாரமா இதைக் காட்டறாங்க."

பையிலிருந்து நீளமான தகரப் பெட்டி ஒன்றை எடுத்தார். ஒரு முழ நீளம், ஒரு பக்கம் திறப்பு. அதைச் சுவரில் அறைந்து இறக்கி, மண்ணோடு வெட்டி எடுப்பார்கள் என்று விளக்கினார். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பிரித்து, லென்ஸ் சோதிக்கும் விளக்கைத் தாழ்த்தினார்.

உள்ளே சாம்பல் நிறக் களிமண். அதில் வெள்ளையும் கருப்புமாய் வரி வரியாய், யாரோ பென்சில் சீவிச் சீவி இழுத்த மாதிரி.

"வெயில் காலத்துல பனி உருகி ஏரிக்கு மணல் வரும். அது வெள்ளை வரி. குளிர்ல ஏரி மேல உறைஞ்சு போயிடும், தண்ணி அசையாது, அப்ப மாவு மாதிரி சேறு அடியில உக்காரும். அது கருப்பு வரி. ஒரு வெள்ளை, ஒரு கருப்பு. ஒரு வருஷம்."

"நம்ம காலண்டரவிட நல்லா இருக்கே," என்றான் லொள்ளு, இந்த முறை மெதுவாக.

"ஒவ்வொரு வருஷமும் மணல்ல ஆரம்பிச்சு, மேல போகப் போக நைசாகி, கருப்புல முடியும். அங்க கத்தியால வெட்டின மாதிரி ஒரு கோடு. அதுக்கு மேல அடுத்த வருஷம். இதை அவ எனக்கு இந்தக் கடையில உக்காந்துதான் சொல்லிக் கொடுத்தா." அவர் தகரத்தின் பக்கவாட்டைத் திருப்பிக் காட்டினார். கருப்பு மையில் ஓர் அம்புக்குறி. நுனியில் 'மேல்' என்று எழுதி, கீழே நேரம்: 11.40. "இப்ப இந்த அம்புப்படி நிமித்திப் பாருங்க."

அக்கா நிமிர்த்தினாள். அம்பு மேலே பார்த்தது. மண்ணில் எல்லாம் மாறியிருந்தது. கருப்பில் தொடங்கி மணலில் முடிந்தது. வருடங்கள் தலைகீழாக ஓடின.

"கையெழுத்து?"

"அவளோடதுதான். புள்ளியைக் குட்டி வட்டமா போடுவா. யாரும் அப்படிப் போட மாட்டாங்க."

"அவசரத்துல மாத்திப் போட்டிருக்கலாம் இல்லையா?" என்றான் லொள்ளு.

கடைக்காரர் அவனைப் பார்த்தார். "தம்பி, சின்ன வயசுல இவளுக்கு பிஸ்கட் கொடுத்தாகூட எந்தப் பக்கம் மேல்னு கேட்டுட்டுத்தான் கடிப்பா."

அக்கா பையைக் கையில் எடுத்து அடித்தையலை விரலால் தடவினாள். பட்டையை விரித்துப் பார்த்தாள். "இதைத் துவைச்சீங்களா? துடைச்சீங்களா?"

"இல்லம்மா. கொடுத்தது கொடுத்தபடி இருக்கு."

"எங்க கிடந்ததாம்?"

"சுவத்துக்குப் பத்தடி தள்ளி, அறிவிப்புப் பலகைக்கு அடியில. அங்க இருக்கற காவலர்தான் பாத்து எடுத்துக் கொடுத்தார். நாலரை மணிக்கு கேட்டைப் பூட்டறதுக்கு முன்னாடி சுத்திப் பாக்கப் போனவர், அப்பதான் சுவர் விழுந்து கிடக்கறதைப் பாத்திருக்கார்."

அக்கா தகரத்தைத் திரும்பச் சுற்றினாள். "இதை நான் எடுத்துட்டுப் போறேன். சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்."

காரில் ஏறியதும் லொள்ளு ஆரம்பித்தான். "எனக்கு கேஸ் முடிஞ்சு போச்சு. எவனோ அந்த மண்ணை வெளிய எடுத்துப் பாத்துட்டு, எந்தப் பக்கம் மேல்னு தெரியாம திருப்பி வெச்சிருக்கான். பனியுகம்னா ஐஸ்கிரீம் கடைன்னு நினைக்கறவன். பக்கத்துக் குவாரி மேனேஜரைத் தவிர வேற யாரு?"

"வண்டியைப் பல்கலைக்கழகத்துக்கு விடு."

"ஏன், என் கேஸ்ல ஓட்டையா?"

"அந்தப் பொண்ணோட பேராசிரியைகிட்ட கேட்டாத் தெரியும்."

*

ஆய்வாளரின் பேராசிரியை அவர்களை மண் மாதிரிகள் வைக்கும் குளிரறையில்தான் சந்தித்தார். தரையிலிருந்து கூரை வரை தட்டுகள். தட்டுகளில் நீள நீளப் பெட்டிகள். பிணவறை போலிருக்கிறது என்று லொள்ளுவுக்கு வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டான். கதவருகே கொக்கியில் ஒரு ஜோடி கம்பளிக் கையுறை தொங்கியது. சில்லிட்ட கைக்கு அதை எடுக்கப் போனான்.

"அதைத் தொடாதீங்க."

கை பின்னால் வந்தது. யாருடையது என்று அவன் கேட்கவில்லை.

பேராசிரியை தகரத்தைப் பிரித்துப் பார்த்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. "போலீஸ் படம் எடுத்து அனுப்பினப்பவே சொல்லிட்டேன். அம்பு தப்பு."

"மண்ணு மாறியிருக்குமா?" என்று கேட்டாள் அக்கா.

அவர் ஒரு பெரிய புகைப்படத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் எடுத்தது. சுவர் முழுவதும் வரிகள். ஓர் இடத்தில் விரலை வைத்தார். "இங்க ஒரு குண்டு வரி. அதுக்கு மேல நூல் மாதிரி ரெண்டு மெல்லிசு வரி. உலகத்துல வேற எங்கயும் இப்படி சேர்ந்து வராது. இப்ப தகரத்தைப் பாருங்க. அதே குண்டு வரி, அதே ரெண்டு நூல். அம்புப்படி பாத்தா நூல் ரெண்டும் குண்டு வரிக்குக் கீழ இருக்கு. மண் அதே மண்தான். அம்பைத் தலைகீழா போட்டிருக்கா."

"யாராவது மண்ணை வெளிய எடுத்து மாத்தி வெச்சிருந்தா?" லொள்ளு தன் கேஸை விடவில்லை.

"எடுத்தா பொடிஞ்சு போயிடும். தகரத்துல ஒட்டின ஓரத்தைப் பாருங்க, ஒரு மயிரிழைகூட விரிசல் இல்ல. சுவத்துலேர்ந்து வந்ததுலேர்ந்து யாரும் தொடல."

லொள்ளுவின் கேஸ் அங்கேயே பொடிந்தது.

பேராசிரியை புகைப்படத்தைத் திருப்பி வைத்தார். குரல் தணிந்தது. "மூணு மணிக்கு நான் அந்தக் கமிட்டி முன்னாடி உக்காரணும். அந்த இடம் வேணும்னு பேசணும். என் மாணவி மேலயும் கீழயும் தெரியாம வேலை செஞ்சான்னு அவங்க சொல்லுவாங்க. நான் என்ன பதில் சொல்றது? இந்தத் தகரத்துக்கு எனக்கே பதில் தெரியல."

"அவ இதுக்கு முன்னாடி எத்தனை மாதிரி எடுத்திருக்கா?"

"சரியா முந்நூறு."

"எத்தனையில அம்பு தப்பு?"

பேராசிரியை கொக்கியில் தொங்கிய கையுறையைப் பார்த்தார். "ஒண்ணுகூட இல்ல," என்றார்.

வெளியே வெயிலுக்கு வந்து லொள்ளு கைகளைத் தேய்த்துக்கொண்டான். "அப்ப முந்நூத்தி ஒண்ணாவது தடவை சறுக்கிட்டா. மனுஷிதானே."

"பன்னிரண்டரை ஆச்சு," என்றாள் அக்கா. "வேகமா ஓட்டு."

*

கம்பி வேலி. இரும்புக் கேட். கேட்டை ஒட்டி ஒரே அறை கொண்ட அலுவலகம், அதற்குப் பின்னால் காவலர் குடியிருக்கும் வீடு. வேலிக்கு அந்தப் பக்கம் குவாரியில் கல் அரைக்கும் சத்தம் விடாமல் கேட்டது.

காவலர் அறுபதை நெருங்கியவர். இரும்பு மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து இரண்டு நாற்காலியையும் துணியால் துடைத்துப் போட்டார். சுவரில் அவர் கையாலேயே வரைந்த படம் ஒன்று: பள்ளிப் பிள்ளைகளுக்காக, பனி ஏரி எப்படிப் படிந்தது, எது மேல், எது கீழ், எல்லாம் வண்ணத்தில். இருபத்திரண்டு வருடமாக இங்கே இருப்பதாகச் சொன்னார்.

"அந்தப் பொண்ணு என்னைச் சித்தப்பான்னுதான் கூப்பிடும்," என்றார். கண் கலங்கியது. "என்னால இன்னும் அந்தப் பக்கம் பாக்க முடியலம்மா."

"அன்னிக்கு எப்ப பாத்தீங்க?"

"ஒன்பது மணிக்கு நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போச்சு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் நாலரைக்குத்தான்." குரல் உடைந்தது. "அந்த மூலைக்குக் கயிறு கட்டி வெச்சிருக்கேன். பறவை கூடு கட்டியிருக்கு, யாரும் போகக்கூடாதுன்னு. மூணு வருஷமா யாரும் போகல. இந்தப் பொண்ணு பெரிய ஆபீஸ்ல அனுமதி வாங்கிட்டு வந்து கயிறைத் தாண்டிச்சு. நான் வேண்டாம்னு சொன்னேன்."

லொள்ளுவுக்கு அந்த மனிதர்மேல் இரக்கம் வந்தது. நகங்களைச் சுற்றி ஆறாத கீறல்கள். மகள் மாதிரி இருந்தவளை வெறுங்கையால் தோண்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டான்.

சுவருக்கு நடந்தார்கள். வரி வரியாய் நீண்டு சென்ற சுவரின் மூலையில் பெரிய பொத்தல் போல ஒரு சரிவு. அடியில் குவிந்த மண்ணின் மேல் தார்ப்பாய். சுவரின் காலடியில் மழைநீர் தேங்கிய பள்ளம், இப்போது பாதி காய்ந்திருந்தது. பத்தடி தள்ளி அறிவிப்புப் பலகை. சுவர் விழுந்தபோது பள்ளத்துச் சேறு தெறித்து, பலகையில் ஆள் உயரத்துக்குச் சாம்பல் திட்டுகளாய்க் காய்ந்து கிடந்தது.

அக்கா பலகையின் முன் நின்று, மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். "பை இங்கதானே கிடந்தது?"

"இதே இடம்தான்மா. பலகைக் கால்ல சாய்ஞ்ச மாதிரி."

அக்கா தலையாட்டினாள். தார்ப்பாயைத் தூக்கச் சொன்னாள். லொள்ளு தூக்கினான். உள்ளே களிமண் கட்டிகள், பெட்டி பெட்டியாய். சிலது உடைந்து, சிலது விளிம்பு மாறாமல். ஒரு கட்டியைப் புரட்டினான். இன்னொரு கட்டியோடு ஒட்டிக் கிடந்தது. இரண்டையும் பிரித்தபோது நடுவில், மண்ணில் அழுந்திப் பதிந்து, ஏதோ மின்னியது. நகத்தால் நோண்டி எடுத்தான். சோடா பாட்டில் மூடி.

"அக்கா, வரலாற்றையே மாத்தி எழுதணும். பனியுகத்துல சோடா குடிச்சிருக்காங்க."

அக்கா சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. அவன் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தாள்.

"எங்க இருந்தது?"

"ரெண்டு கட்டிக்கும் நடுவுல."

"மேல கிடந்ததா, நடுவுல இருந்ததா? சரியா சொல்லு."

"நடுவுலதான். அழுத்திப் பதிஞ்சு இருந்தது. அச்சு பாரு."

அவள் மண்டியிட்டாள். கட்டிகளை ஒவ்வொன்றாய்ப் புரட்டினாள். வரிகளை விரலால் பிடித்துக்கொண்டே போனாள். குண்டு வரி, நூல் வரி. பிறகு எழுந்து, சரிந்த பொத்தலுக்குள் கையை விட்டு மண்ணை இழுத்தாள். மண்வெட்டியால் தட்டித் தட்டிப் பூசியது போல் இருந்த அந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அதற்குப் பின்னால் களிமண் இல்லை. நீல நிறத்தில் உடைத்த ஜல்லி. வேலிக்கு அந்தப் பக்கம் அரைபடும் அதே ஜல்லி.

"டேய்," என்றாள் அக்கா. "ரெண்டு பேரும் காலையிலேர்ந்து அம்பு தப்பா, தப்பான்னு கேட்டுட்டு இருந்தோம். அம்பு சரிடா. அவ எழுதினது சரி. சுவரு தலைகீழா இருந்திருக்கு."

லொள்ளுவுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. "சுவரு எப்படிக்கா?"

"இது ஏரி கட்டின சுவர் இல்ல. மனுஷன் கட்டினது. குவாரிக்காரன் பின்பக்கமா தோண்டிட்டே வந்து பொத்துக்கிட்டான். விழுந்த கட்டிகளைத் திரும்ப அடுக்கி, ஓட்டைக்கு ஜல்லி போட்டு மறைச்சிருக்காங்க. அடுக்கினவன் ஒரு கட்டியைத் தலைகீழா வெச்சுட்டான். எவனோ குடிச்ச சோடாவோட மூடியும் உள்ள போயிடுச்சு." அவள் திரும்பினாள். "அடுக்கி வெச்ச சுவரை மழை நனைச்சது. அவ ரெண்டாவது தகரத்தை அறைஞ்சா. அவ்வளவுதான். மூணு வருஷமா அந்த மூலைக்குக் கயிறு. பறவை எந்தப் பறவைங்க?"

காவலர் தார்ப்பாயின் ஓரத்தைச் சரிசெய்வது போல் குனிந்தார், சரிசெய்யவில்லை.

"பலகை பூரா சேறு. அது அடியில இருந்த பையில ஒரு பொட்டுகூட இல்ல. சுவர் விழுந்தப்ப பை இங்க இல்ல. எங்க இருந்ததுன்னு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

குவாரியில் இயந்திரம் நின்றது. சாப்பாட்டு நேரம் போலும். அந்த அமைதியில்தான் காவலர் வாய் திறந்தார்.

"என் மேசை மேல," என்றார். "அப்புறம் நான்தான் இங்க கொண்டாந்து வெச்சேன்."

அவர் தரையில் உட்கார்ந்தார். அக்காவும் எதிரே உட்கார்ந்தாள். லொள்ளு நின்றுகொண்டே இருந்தான்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி. நான் லீவுல போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா மூலையே இல்ல. குவாரி மேனேஜர் கூடவே நின்னான். வெளிய தெரிஞ்சா இடத்தைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடுவாங்க, அப்புறம் மிச்சமும் எனக்குத்தான்னு சொன்னான். இல்லைன்னா சத்தம் போடாம அடுக்கிடலாம்னான். போட்டோவைப் பாத்துப் பாத்து நான்தான் அடுக்கச் சொன்னேன். கடைசியில இருட்டிடுச்சு. ஒரு கட்டி தப்பாயிடுச்சுன்னு மறுநாள்தான் பாத்தேன். எடுத்தா மொத்தமும் வந்துடும். கயிறு கட்டிட்டேன்."

"அன்னிக்கு என்ன நடந்தது?"

"தகரத்தை எடுத்துட்டு ஓடி வந்தா. மூச்சு வாங்குது. சித்தப்பா, இங்க பனிப்பாளம் நகர்ந்து வந்து ஏரி அடியையே புரட்டிப் போட்டிருக்கு, இத்தனை வருஷம் யாரும் பாக்காததை நான் பாத்துட்டேன்னா. அப்படி நிஜமாவே நடக்குமாம். மேசை மேல வெச்சு எனக்குக் காட்டினா. இன்னொரு தகரம் எடுத்தா யாரும் மறுக்க முடியாதுன்னு சொல்லிட்டு, பையைக்கூட எடுக்காம ஓடினா."

"நீங்க தடுக்கல."

"எதைச் சொல்லித் தடுக்கறது? அவ்வளவு சந்தோஷமா இருந்தாம்மா."

"அப்புறம்?" என்றாள் அக்கா.

"சத்தம் கேட்டு ஓடினேன். நெஞ்சு வரைக்கும் மண்ணுல இருந்தா. முகம் வெளியிலதான் இருந்தது. பேசினா. ஆளைக் கூப்பிடுங்க சித்தப்பான்னா."

"கூப்பிட்டீங்களா?"

காவலர் தன் சட்டைப் பையைத் தொட்டார். போன் அங்கேதான் இருந்தது. "அவளுக்குப் பின்னாடி ஜல்லி பளிச்சுன்னு தெரியுது. ஆளு வந்தா முதல்ல அதைத்தான் பாப்பாங்க. அதை மட்டும் மூடிட்டுக் கூப்பிடலாம்னு நினைச்சேன். பத்து நிமிஷ வேலைன்னு நினைச்சேன். மண்ணு நிக்கவே மாட்டேங்குது. பூசப் பூச விழுது. கையாலயும் அள்ளி அள்ளி அப்பினேன்."

லொள்ளு அந்த நகங்களைப் பார்த்தான். 

"அவளால தலையைத் திருப்ப முடியல," என்றார் காவலர். "மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேக்குது. தன்னைத்தான் தோண்டறேன்னு நினைச்சுக்கிட்டா. மெதுவா சித்தப்பா, உங்க மேல விழுந்துடப் போகுதுன்னா. ஆளு வர்றாங்களான்னு கேட்டா. கூப்பிட்டுட்டேன், வந்துட்டே இருக்காங்கன்னு சொன்னேன்."

"எத்தனை நேரம்?"

"பன்னிரண்டேகாலுக்கு விழுந்தது. ரெண்டு மணி வரைக்கும் பேசிட்டு இருந்தா. அப்புறம் பேசல."

"நீங்க போன் பண்ணினது நாலரைக்கு."

"ஆமா."

அக்கா எழுந்து நின்றாள். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டவில்லை. இந்த ஆறு வருடத்தில் அவள் முகம் இப்படி ஆகி லொள்ளு பார்த்ததில்லை. தன் பழைய ஸ்டேஷனுக்குப் போன் செய்து நான்கே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். குவாரி மேனேஜரை வெளியே விடாதீர்கள் என்றாள். அடுத்து பேராசிரியைக்கு.

"மேடம், அம்பு சரி. முந்நூத்தி ஒண்ணும் சரி. எப்படின்னு வந்து சொல்றேன். கமிட்டி ஆரம்பிச்சா தகரம் வர்ற வரைக்கும் நிறுத்தி வைங்க."

மறுமுனையிலிருந்து "நிறுத்தறேன்," என்ற ஒற்றைச் சொல் மட்டும் லொள்ளுவுக்கும் கேட்டது.

போலீஸ் ஜீப் வந்தபோது மணி ஒன்று ஐம்பது. காவலர் எழுந்து, யாரும் கேட்காமலே சாவிக்கொத்தைக் கொடுத்தார். ஜீப்பில் ஏறும் முன் சுவரின் நிற்கும் பகுதியைத் திரும்பிப் பார்த்தார். இன்னும் நாற்பது அடி நீளம், ஒரு கோடு கலையாமல் நின்றது. குவாரி மேனேஜரை அவன் அலுவலகத்திலேயே பிடித்துவிட்டதாக ஜீப்பில் வந்த இளைய இன்ஸ்பெக்டர் சொன்னார். அவன் முதல் வார்த்தையே, அடுக்கச் சொன்னது காவலர்தான் என்பதாம்.

"கடைக்காரருக்கு நீ பேசு," என்றாள் அக்கா. "நான் ரெண்டு நிமிஷம் கார்ல உக்காந்துக்கறேன்."

லொள்ளு போனை எடுத்தான். ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேரின் மரணத்தை அவன் நடுங்காத குரலில் வாசித்திருக்கிறான். இப்போது எண்ணை அழுத்த இரண்டு முறை தவறியது.

"ஐயா, நான்தான், காலையில வந்த தம்பி பேசறேன். உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. அவங்க எழுதினதுதான் சரி. சுவத்துலதான் மோசடி. போலீஸ் எழுதினதை மாத்தப் போறாங்க."

கடைக்காரர் அழுவது கேட்டது. அடங்கட்டும் என்று லொள்ளு காத்திருந்தான். ஒரு நகைச்சுவைகூட நாக்கில் வரவில்லை. வராததற்காக, பல வருடங்களில் முதல்முறையாக, அவன் நாக்குக்கு நன்றி சொன்னான்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. உடனே போயிட்டாளா?"

பொய் சொல்வது சுலபம். பத்து விநாடிக்கு முன்வரை அதைத்தான் சொல்ல நினைத்திருந்தான். ஆனால் வந்துட்டே இருக்காங்க என்று ஒருவர் இதே இடத்தில் நின்று சொன்ன பொய் இன்னும் காதில் இருந்தது.

"இல்லைங்கய்யா. கொஞ்ச நேரம் இருந்திருக்காங்க. ரெண்டு மணி வரைக்கும்."

நீண்ட மூச்சு. கண்ணாடிக்கடையின் சுவர்க்கடிகாரங்கூட போனில் கேட்டது.

"பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

"பேசிட்டு இருந்தாங்களா அவகிட்ட?"

"ம்."

"அப்பாடா," என்றார் கடைக்காரர்.  "தனியா கிடந்து போயிட்டாளோன்னு தம்பி, ஒன்பது நாளா அதுதான் எனக்குத் தூக்கமில்ல. யாரா இருந்தாலும் அவங்க நல்லா இருக்கணும். அது போதும் எனக்கு."

லொள்ளு போனை இறுக்கிப் பிடித்தான்.  காரின் கதவு திறந்தது. அக்கா வந்து அவன் விரல்களைப் பிரித்துப் போனை வாங்கிக்கொண்டாள்.

"ஐயா, நான் பேசறேன்," என்றாள். "இன்னும் சொல்ல வேண்டியது இருக்கு. கடையை மூடிட்டு உக்காருங்க. நாங்க நேர்ல வர்றோம்."